நாலு மணி நேரந்தான்

தம்பி, ஒரு நிமிஷம். இந்தப் பெல்ட்டக் கொஞ்சம் மாட்டி விடுறீங்களா? அந்தப் பொண்ணு செஞ்சு காட்டுச்சு, நானும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன், கைக்கு வரமாட்டேங்குது. ஆங், அவ்வளவுதான். நல்லா இருப்பீங்க. பிளேன்ல ஏறுறது நமக்கு இது மொதத் தடவ. அறுவது வயசுக்கு மேல வந்து வாச்சிருக்கு பாருங்க.

உங்க வாட்ச்சுல மணி என்ன? என்னோடதும் அதேதான் காட்டுது. சரி, ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. சிங்கப்பூருக்கு இவ்வளவு நேரம்னு சொல்றாங்கள்ல, அத எதுலருந்து எண்ணுறது? நாம ஏறி உக்காந்ததுலருந்தா, வண்டி தரைய விட்டதுலருந்தா? தரைய விட்டதுலருந்தா? அப்படின்னா நாலு மணி நேரந்தானே? நாலேகாலா? நாலேகால நாலுன்னு சொல்றதுல தப்பில்லையே. கால் மணியெல்லாம் ஒரு பேச்சா, பஸ்ஸுல போனா டீக்கு நிறுத்துற நேரம். பாத்துக்கங்க, நான் பொய் சொல்லல.

யாருகிட்டயா? எங்கண்ணன்கிட்டதான்.

ஆத்தாடி, கிளம்பிருச்சா? தம்பி, கைய இங்க வச்சுக்கிறேன், தப்பா நெனைக்காதீங்க. எம் மகனுக்கும் உங்க வயசுதான் இருக்கும். யம்மா, காது என்ன இப்படி அடைக்குது. மணியப் பாருங்க, மணியப் பாருங்க. பத்தேகாலா? சரி, மனசுல வச்சுக்கங்க. பத்தேகால்.

எங்கண்ணன் பேரு சின்னையா. எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம். கடல போடுற காடு கொஞ்சம் இருக்கு, ஒரு போர் கெணறு இருக்கு, வேற பெருசா ஒண்ணும் கெடையாது. அண்ணிக்காரி சீக்கிரமே போய்ச் சேந்துட்டா. அவ போறப்ப சுகந்தி ஏழாங் கிளாஸ். சுகந்தி யாருன்னா எங்கண்ணனுக்கு ஒரே மக. அதுலருந்து அந்தப் புள்ளைக்குத் தல சீவி விட்டதுலருந்து சடங்கு சுத்துனது வரைக்கும் யாரு? நான்தான். அடுத்த தெருதான் எங்க வீடு. பள்ளிக்கூடம் விட்டா நேரா அடுப்படிக்கு வந்து நிக்கும். "அத்தை, பசிக்குது"ங்கும், பையக் கூட எறக்கி வைக்காது. பெத்த மக மாதிரி வளத்தேன். இத நான் என் வாயால சொல்லக் கூடாது, ஊர்ல யார வேணாலும் கேட்டுப் பாருங்க.

எனக்கு ஒரே பையன், மணிமாறன். இதுக்கு மேல நான் சொல்லணுமா? அண்ணன் மக, தங்கச்சி மகன். கட்டிக்கிற மொறை. ஊரு சும்மா இருக்குமா? ஊர் வாய மூட உலைமூடி உண்டா? ரெண்டும் ஒரே வாசல்ல வெளையாடி வளந்ததுங்க. எங்கண்ணன் வெளியில சொல்லாது, ஆனா மனசுக்குள்ள வச்சிருந்துச்சு. ஒரு பொங்கலன்னிக்கு வந்து உக்காந்து, காப்பியக் கையில வச்சுக்கிட்டு, "பொன்னழகு, வர்ற தைக்குப் பாத்துக்கலாமா"ன்னு கேட்டுச்சு. எதப் பாத்துக்கலாம்னு அதுவும் சொல்லல, நானும் கேக்கல. கொழம்பு கொதிக்குதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டேன். நெசமாவே கொதிச்சுச்சு தம்பி.

ஏன் வேண்டாம்னேன்னு கேக்குறீங்களா? வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்? சொந்தத்துல கட்டுனா பொறக்குற புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டருங்களே டிவியில சொல்றாங்க. அதுக்காகத்தான் யோசிச்சேன். அந்த நேரம் பாத்துப் பட்டுக்கோட்டையில அரிசி மில்லு வச்சிருக்குறவங்க வீட்டுலருந்து மணிமாறனக் கேட்டு வந்திருந்தாங்க, அது வேற விசயம். இதையும் அதையும் முடிச்சுப் போடாதீங்க. எங்க ஊருல எல்லாரும் முடிச்சுப் போட்டாங்க.

சுகந்திக்கு மாப்பிள்ளை கொண்டு வந்ததே நான்தான் தெரியுமா? எங்க நாத்தனா வழியில சொந்தம், ரெங்கராஜன்னு பேரு. சிங்கப்பூருல கப்பல் பட்டறையில சூப்பர்வைசர். குடி கெடையாது, சிகரெட்டு கெடையாது, பொண்டாட்டியக் கூடவே கூட்டிக்கிட்டுப் போய் வச்சுக்கிற மாப்பிள்ளை. லேசுல கெடைக்குமா? ஒரு அத்தக்காரி பாத்துப் பாத்துத் தேடுனா வேற எப்படித் தேடுவா, சொல்லுங்க.

அண்ணன்தான் இழுத்துச்சு. "கடல் தாண்டியா குடுக்கணும், பொன்னழகு? ஒத்தப் புள்ளையா இருக்கே"ன்னுச்சு. அப்பத்தான் நான் சொன்னேன். "அண்ணே, திருச்சியில ஏறுனா நாலு மணி நேரந்தான். நம்ம ஊருலருந்து பஸ்ஸப் புடிச்சுக் கோயம்புத்தூருக்குப் போய்ப் பாரு, அதவிட அதிக நேரம் ஆகும். நீ அத வெளிநாடுன்னே நெனைக்காத. கோயம்புத்தூருக்கு இந்தாண்ட இருக்குன்னு நெனச்சுக்க"ன்னேன். அண்ணன் சிரிச்சுருச்சு. சிரிச்சா சம்மதம்னுதானே அர்த்தம்?

இதக் கேளுங்க தம்பி, இது ஒரு கூத்து. நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளை டிக்கெட்ட எடுத்து அண்ணன்கிட்டக் காட்டுறாரு. போறது ராத்திரி பதினோரு மணிக்கு ஏறுனா விடிகாலம் அஞ்சே முக்காலுக்கு எறங்குது. வர்றது காலைல எட்டு மணிக்கு அங்க ஏறுனா ஒம்பதே முக்காலுக்குத் திருச்சி. எங்கண்ணன் வெரல விட்டு எண்ணுது. எண்ணிட்டுச் சொல்லுது, "போறதுக்குத்தான் ஏழு மணி நேரம். வர்றதுக்கு ரெண்டு மணி நேரந்தான்! வர்றப்ப எறக்கம் போலருக்கு!" அத்தன பேருக்கும் கேக்குறாப்புல சொல்லுது. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். மகளக் கடல் தாண்டிக் குடுக்க நிச்சயம் பண்ணுற அன்னிக்கு எந்தத் தகப்பனும் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல.

மாப்பிள்ளை பாவம், "இல்லைங்க மாமா, அங்க மணி ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடும், அதனால..."ன்னு ஆரம்பிச்சாரு. நான்தான் கண்ணக் காட்டி நிறுத்துனேன். சந்தோசப்படுற மனுசன எதுக்குக் கலைக்கணும்? ரெண்டு மணி நேரம்னே நெனைச்சுக்கிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்? அப்படித்தான் நெனச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

அன்னிக்குச் சாயங்காலம் மணிமாறன் வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்குறான். "ஏம்மா இப்படிப் பண்ணுன?"ங்குறான். "என்னடா பண்ணுனேன், நல்ல எடமாப் பாத்து முடிச்சிருக்கேன்"னேன். "அவ உங்கிட்ட அப்படி என்னம்மா கேட்டுட்டா?"ங்குறான். எனக்குக் கோவம் வந்துருச்சு. "அவ இனிமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்டடா. நடுவுல கடலு. நீ இங்க கத்துனா அங்க கேக்காது. மறந்துட்டு வேலையப் பாரு"ன்னேன். அவன் மில்லுக்காரங்க வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிட்டான். நித்யான்னு பேரு. நல்ல பொண்ணுதான்.

என்ன சிரிக்கிறீங்க? அண்ணன்கிட்ட ஒண்ணு, மகன்கிட்ட ஒண்ணா? ரெண்டும் ஒரே தூரந்தானே தம்பி! மூவாயிரம் கிலோமீட்டர நாலு மணி நேரத்துல போறோம். இந்தா, இப்பப் போய்க்கிட்டுத்தானே இருக்கோம்? எதுல பொய் இருக்கு, நீங்க படிச்சவுங்க, காட்டுங்க பாப்போம்.

இல்ல, இல்ல, வயித்தப் பொரட்டல. காதுதான். அடைச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள கொய்யுனு ஒரு சத்தம். முட்டாய் எதுவும் வச்சிருக்கீங்களா? குடுங்க. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. நமக்குக் காதுல்ல குறுகுறுக்குது.

சுகந்தி போனதுக்கப்புறம் எங்கண்ணனுக்கு இந்த ரெண்டு மணி நேரம் ஒரு பாட்டா ஆயிப்போச்சு. டீக்கடையில சொல்லும், ரேசன் கடையில சொல்லும். "எம் மக என்ன, ரெண்டு மணி நேரத்துல வந்து நிப்பா"ங்கும். போன்ல புள்ளைகிட்டயும், "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் ஆத்தா, வர்றதுக்குச் சுளுவுதானே"ங்கும். அது அங்கேருந்து "வர்றேம்ப்பா, லீவு கெடைக்கணும்ல"ங்கும். அப்பன் ஏன் சுளுவுங்குறாருன்னு மகளுக்குத் தெரியாது. மக ஏன் வரலைன்னு அப்பனுக்குத் தெரியாது. போனது போனதுதான், ஒரே ஒரு தடவதான் வந்துச்சு, அதுவும் ஒரு வாரம்.

ஒரு நாளு எங்கண்ணன் எங்க வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்துச்சு. சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே இருக்கு, வாயில வைக்கல. "ரெண்டு மணி நேரந்தான், அதுக்கே வரமாட்டேங்குறாளே பொன்னழகு. தூரத்துல கட்டிக் குடுத்துட்டேன்னு எம்மேல கோவமோ?"ன்னு கேட்டுச்சு.

நான் சொல்லியிருக்கலாம். "அண்ணே, ரெண்டு மணி நேரமெல்லாம் இல்ல, அது மணிக் கணக்கு, நீ தப்பா எண்ணிட்ட"ன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா, "அப்ப நீ ஏன் அன்னிக்கே சொல்லல"ன்னு கேக்கும். அதனால ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன். ஊத்துன்னுச்சு. கோவந்தான் போலன்னு நெனைச்சுக்கிட்டே அது போயிருச்சு தம்பி. கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டுப் போச்சு.

தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க.

மணி என்ன? இன்னும் பாதி கூட ஆகலையா? நாலு மணி நேரம்னா இவ்வளவு நேரமா இருக்கு.

போன வருசத்துக்கு முந்தின சித்திரை. வெள்ளன எந்திரிச்சு மோட்டரு போடப் போன மனுசன் வரப்புலயே சாஞ்சிருச்சு. நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மணிமாறன்தான் பட்டுக்கோட்டையிலருந்து ஓடி வந்து, எல்லாத்தையும் அவந்தான் பாத்தான். ஐஸ் பெட்டி கொண்டாந்து வச்சதும் அவந்தான். ஆமா, ஐஸ் பெட்டி இருந்துச்சு. இருந்துச்சுதான். ஆனா சித்திரை வெயிலு எப்படின்னு உங்களுக்குத் தெரியும்ல? கரண்டு நிக்குமா எங்க ஊருல?

சுகந்திக்கு நான்தான் போன் போட்டேன். எடுத்து "அத்தை"ன்னுச்சு, என் குரலக் கேட்டதும் புரிஞ்சுக்கிருச்சு. அழுகவே இல்ல. "வர்றேன்"னு மட்டும் சொல்லிட்டு வச்சுருச்சு. மத்தியானம் எல்லாரும் சோத்துக்குத் தவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், அப்ப மறுபடி போன் வருது. "ஏறிட்டேன் அத்தை. வண்டி கிளம்பப் போகுது. அப்பாவ வச்சிருங்க. நாலு மணி நேரந்தான். எறங்குன உடனே கார் புடிச்சு வந்துருவேன். அத்தை, வச்சிருங்க, என்ன?" அப்படின்னுச்சு. நான் "உம்"முன்னேன். அவ்வளவுதான் சொன்னேன், "உம்".

அந்தப் போன மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பங்காளிப் பெரியவரு செவந்தியப்பன் வந்து எதுக்க நிக்குறாரு. "பொண்ணு எப்ப வருது ஆயி? பொழுதோட எடுக்கணும்ல. சின்னையா எப்பவும் ரெண்டு மணி நேரந்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பானே"ன்னாரு. எங்கண்ணன் சொன்னது ஊருக்கே மனப்பாடம் பாருங்க.

அப்ப மணிமாறன் அந்தப் பக்கத்துலருந்து, "வரட்டும்மா. அவ வரட்டும், அப்புறம் எடுக்கலாம்"னான். சத்தமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னான். ஆனா நித்யா நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்தா. அவ பக்கத்துல அவங்க அம்மா, அதுக்குப் பக்கத்துல அவங்க அத்தை. மில்லுக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க மொத்தப் பேரும் வரிசையா உக்காந்திருக்காங்க.

அந்தப் புள்ள வரும். வந்து அப்பன் மேல விழுந்து அழுகும். அழுதுட்டுத் தல நிமிந்தா எதுத்தாப்புல இவன் நிப்பான். சும்மா நிப்பானா, போய் அவளத் தூக்குவானா? யாரு கண்டா?

அதுக்காகச் சொல்லல தம்பி. வெயிலு. நான் வெயிலத்தான் நெனச்சேன்.

"பெரியவரே, அண்ணன் வெவரம் தெரியாமச் சொன்னது அதெல்லாம். எம்புட்டுத் தூரம் அது! கடல் தாண்டி வரணும். ஏறுச்சோ ஏறலையோ. எங்க வந்து சேர, நாளைக்கு ஆயிரும்"னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில வந்துருச்சு. அவரும் தலைய ஆட்டிட்டு, "அப்ப எடுத்துருவோம், பங்காளிகள வரச் சொல்லு"ன்னுட்டாரு. மணிமாறன் என்னையப் பாத்தான். நான் போன முந்தானைக்குள்ள சொருகிக்கிட்டேன்.

வாய்க்கரிசி போடுறப்ப எம் பங்கு ஒரு பிடி போட்டேன். போட்டுட்டு நகரப் போனவ திரும்பி வந்தேன். மறுபடி ஒரு பிடி அள்ளி, "இது உம் மக போடுறதுண்ணே"ன்னு சொல்லிப் போட்டேன். அவ பங்குக்கும் நான் போட்டேன்ல? யாரு போடுவா அப்படி? அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

சுடுகாட்டுலருந்து ஆம்பளைங்க திரும்பி வந்து தல முழுகிட்டு ஈரத்துணியோட உக்காந்திருந்தாங்க. வீடு கழுவி விட்டாச்சு. இன்னும் வெளிச்சம் இருந்துச்சு தம்பி. கார் வந்து நின்னுச்சு. எறங்குச்சு. வாசல் ஈரத்தப் பாத்துச்சு. காலியா நின்ன ஐஸ் பெட்டியப் பாத்துச்சு. உள்ள வரவே இல்ல. அங்கேயே நின்னு என்னைய மட்டும் பாத்துச்சு. மணிமாறன் அங்கதான் இருந்தான், அவனத் திரும்பிக் கூடப் பாக்கல. அப்பத்தான் எனக்கு... சரி, அத விடுங்க.

"அத்தை, நாலு மணி நேரந்தான்னு சொல்லித்தானே என்னைய அனுப்புனீங்க. அந்த நாலு மணி நேரம் எங்கப்பாவ வச்சிருக்க முடியலையா?"

இம்புட்டுத்தான் கேட்டுச்சு. கத்தல, மண்ண வாரித் தூத்தல. கத்தியிருந்தா நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். காரியம் முடியுற மட்டும் இருந்துச்சு, எங்கூட ஒரு வார்த்த பேசல. நான் வச்ச காப்பியத் தொடல. பள்ளிக்கூடத்துலருந்து வந்து அடுப்படியில நிக்குற புள்ள தம்பி. திரும்பிப் போறப்பவும் சொல்லிக்காமப் போயிருச்சு. அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் பேச்சு இல்ல.

மகனா? நல்லா இருக்கான். மாமனாரு மில்ல அவந்தான் பாத்துக்கிறான். பட்டுக்கோட்டைதான், எங்க ஊருலருந்து ஒரு மணி நேரம். வந்து ஆறு மாசமாச்சு. வேலை அப்படி.

என்ன சொல்றாங்க மைக்குல? எறங்கப் போகுதா? அய்யோ, மறுபடியும் காத அடைக்குது. கைய வச்சுக்கிறேன் தம்பி.

இப்ப ஏன் போறேன்னு கேக்கவே இல்லையே நீங்க. சுகந்திக்குப் புள்ள பொறந்திருக்கு. பொம்பளப் புள்ள. மாப்பிள்ளைக்கும் தாய் கெடையாது. அவரே போன் போட்டாரு. "பாத்துக்க ஆளு இல்ல, வந்து ஒரு மாசம் இருக்குறீங்களா"ன்னாரு. டிக்கெட்டும் அவரே போட்டு அனுப்புனாரு. "மாப்பிள்ளை, சுகந்திக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன். "நீங்க வாங்க, வந்தப்புறம் பாத்துக்கலாம்"னாரு. பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம் தம்பி? தெரியும்னா, தெரியாதுன்னா?

பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்குற மருந்து கிண்டி டப்பாவுல போட்டிருக்கேன். செக்கு நல்லெண்ண. கொழந்தைக்கு விரிக்க என் பழைய நூல் சேலைய நாலாக் கிழிச்சுத் தொவச்சு வச்சிருக்கேன். அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனது எல்லாம் நான்தான், அவ புள்ளைக்கும் நாந்தானே ஊத்தணும்? அவ என்னைய உள்ள விட்டாப் போதும். பேசக்கூட வேண்டாம். அந்தப் புள்ளைய எங் கையில குடுத்தாப் போதும்.

முட்டிருச்சு! எறங்கிருச்சா? மணி என்ன? ரெண்டரை! பாத்தீங்களா! பத்தேகாலும் நாலேகாலும் ரெண்டரை! நான் சொன்னது சரிதானே? நீங்க சாட்சி.

ஏன் வாட்ச்சத் திருகுறீங்க? இங்க மணி அஞ்சா? அப்ப எங்கண்ணன் எண்ணுனது மாதிரி ஏழு மணி நேரம் ஆயிப்போச்சா? எதுதான் தம்பி நெசம்? மணி மாறும், நேரம் மாறாதுங்குறீங்க. நாலு மணி நேரம்னா எந்த ஊருலயும் நாலு மணி நேரந்தானா? எனக்கு மாத்த வேண்டாம், இது இப்படியே ஓடட்டும்.

இந்தப் பக்கமா? நீங்க இல்லைன்னா நான் இந்தக் கூட்டத்துல எங்க போய் நின்னிருப்பேனோ. பெட்டி வந்துருச்சு, மருந்த எடுத்துப் போட்டுறல, நல்ல வேளை. மாப்பிள்ளை வெளியில நிப்பேன்னாரு. உங்களுக்குத் தெரியுதா? ஒசரமா, மீசை வச்சிருப்பாரு. காணோமே. இந்தாங்க, இந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க.

மணி அடிக்குதா? எடுத்துட்டாங்களா? யாரு, பொம்பளக் குரலா? சுகந்தியா? குடுங்க, குடுங்க. இல்ல... வேண்டாம். நீங்களே பேசுங்க. அத்தை வந்து நிக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க.

வச்சுட்டாளா? எங்கிட்டப் பேசுறேன்னு கேட்டாளா? கேக்கலையா? சரி. என்னதான் சொன்னா? அவரு வேலையில மாட்டிக்கிட்டாரா? போன வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரா? ம். அவ எப்படி வருவா, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு. நான் இருக்கணுமா? எவ்வளவு நேரமாம்?

என்னது?

நாலு மணி நேரமா? அவளா சொன்னா? நாலுன்னு அவ வாயால சொன்னாளா? எப்படிச் சொன்னா தம்பி, கோவமாவா, சாதாரணமாவா? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்த விடாமச் சொல்லுங்க. "இருக்கச் சொல்லுங்க, நாலு மணி நேரந்தான்." அப்படியா? "தான்" போட்டாளா?

இல்ல, ஒண்ணுமில்ல. காதடைப்பு விட்டுருச்சு, அதான் கண்ணுல தண்ணியா வருது. டாக்சியா? வேண்டாம் தம்பி. வீட்டு நம்பரு கேக்க வேண்டாம். நீங்க நல்ல புள்ள, நூறு வருசம் நல்லா இருப்பீங்க, ஆனா டாக்சி வேண்டாம். அவ என்னைய இருக்கச் சொல்லியிருக்கா. நான் இருந்துட்டுத்தான் போவேன். எனக்கு என்ன வெயிலா அடிக்குது? பெரியவரு யாராவது வந்து எடுக்கணும்னு நிக்குறாரா? இங்க நல்லாக் குளுகுளுன்னு இருக்கு, ஐஸ் பெட்டி கணக்கா.

நீங்க கிளம்புங்க. உங்களுக்காக வீட்டுல யாராவது வழி பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. இந்த நாலு மணி நேரத்த எதுலருந்து எண்ணுறது, அவ போன வச்சதுலருந்தா, நான் போய் அந்த நாற்காலியில உக்காருறதுலருந்தா?

சரி, நானே எண்ணிக்கிறேன். உக்காந்ததுலருந்தே எண்ணிக்கிறேன். கொஞ்சம் கூடுதலா ஆனாலும் பரவாயில்ல.